துருவுநர் நடத்திய விசாரணை

பதினான்கு வருடமாக அந்த மருத்துவமனையின் சமையற்கூடத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் துருவிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவளை விசாரணை அலுவலராக நியமித்திருப்பதாகக் கடிதம் வந்தது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவந்து கிடந்ததால் அவளால் கடிதத்தைத் தொட முடியவில்லை. கொண்டுவந்த எழுத்தர் அதை அவளுடைய ஏப்ரன் பையில் செருகினார். "கையெழுத்தெல்லாம் வேண்டாம், கட்டைவிரலை வைங்க, மை கூடத் தேவையில்ல" என்று பதிவேட்டை நீட்டி, பீட்ரூட் சாறிலேயே ரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதில்லை. டாக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பீட்ரூட்டக்கா.

காய் துருவுகிறவளை விசாரணைக்குப் போட்டது எப்படி என்று சொல்ல, மூன்று மாதம் பின்னால் போக வேண்டும். அப்போதுதான் புது நிர்வாக அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்கிற ஒரு வியாதியைத் தவிர அவரிடம் வேறு குறை கிடையாது. ஒவ்வொரு பிரிவாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், சமையற்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகைக்கு முன்னால் நின்றார். தலைமைச் சமையல்காரரான மாஸ்டர் அன்றைய வேலையை அதில் சாக்பீஸால் எழுதியிருந்தார். பூசணி வெட்டு, பீன்ஸ் நறுக்கு, வெங்காயம் அரி, கோஸ் சீவு, கறி கொத்து, கேரட் துருவு, கீரை ஆய்.

"எல்லாம் ஒரே வேலைதானே மாஸ்டர்?" என்றார் அதிகாரி. "பெரிசா இருக்கறதைச் சின்னதாக்கறது. அதுக்கு எதுக்கு ஏழு வார்த்தை?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக அடுப்படியில் வெந்தவர். அவருடைய தொழிலைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டவரும் இப்படிக் கேட்டுவிட்டார். அதிகாரியை உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார வைத்து, கையில் டீயைக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசினார்.

"சார், பூசணியை யாராவது நறுக்குவாங்களா? அதை வெட்டத்தான் முடியும். வெட்டு தோள்லேர்ந்து வரணும். நறுக்குறதுக்கு மணிக்கட்டு போதும். அரியறதுன்னா விரல் வேலை. கத்தி போகும் வரும், காய் ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கும். சீவுறது மேலோட மேலா. கொத்துறதுக்குக் கொஞ்சம் கோவம் வேணும். எங்க கொத்துற ஆள் வீட்ல சண்டை போட்டுட்டு வந்தார்னா அன்னிக்குக் கறி பஞ்சு மாதிரி இருக்கும். துருவுறது இது எதுலயும் சேராது. அதுல இரும்பு சும்மா இருக்கும் சார். காய்தான் தானா வந்து தன்னைத் தேய்ச்சுக் கொடுக்கும்."

அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார். எழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்து மேசையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம்.

மாஸ்டர் அன்று முழுக்க உச்சி குளிர்ந்து திரிந்தார். வாரம் ஒன்று கழிந்து சுற்றறிக்கை வந்த பிறகுதான் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்தது. ஏழு வார்த்தையும் ஏழு பதவி ஆகியிருந்தன. வெட்டுநர், நறுக்குநர், அரிநர், சீவுநர், கொத்துநர், துருவுநர், ஆய்நர். ஒருவருக்கு ஒரு வினை. வினைப் பதிவேடு என்று ஒரு தடித்த புத்தகம். ஒருவர் வினையை இன்னொருவர் மருத்துவமனை வளாகத்துக்குள் எங்கும் செய்யக் கூடாது.

அன்றிலிருந்து ஒரு வெங்காயத்தைக் கரை சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அரிவதற்கு முன்னால் அதை இரண்டாக்க வேண்டும், இரண்டாக்குவது வெட்டு. ஆகவே வெங்காயம் தட்டில் ஏறி வெட்டுநரிடம் போய், பதிவாகி, அரிநரிடம் திரும்பி வந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பதிவேடு மேலே அலுவலகத்தில் இருந்தது. அங்கே இருந்தவர்களுக்குச் சமையற்கூடம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆய்நர் என்று ஒருவர் இருப்பதைப் பார்த்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றினார்கள். அவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். திரும்பி வரவே இல்லை. அங்கே அவருக்கு நல்ல பெயர் என்று கேள்வி. மின்வெட்டு பற்றிய புகார்க் கடிதமெல்லாம் வெட்டுநர் மேசைக்கு வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும், "இனிமேல் வெட்ட மாட்டேன்" என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதுக் கட்டடத் திறப்பு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, ரிப்பன் பக்கம் குனிந்த நேரத்தில் அதிகாரி பதிவேட்டோடு குறுக்கே வந்தார். ரிப்பன் வெட்டுவதும் வெட்டுதான். வெட்டுநரோ அன்று பல் பிடுங்கிக்கொண்டு விடுப்பில் இருந்தார். விருந்தினர் பத்து நிமிடம் சிரித்த முகத்தோடு நின்றார், பிறகு சிரிக்காத முகத்தோடு நின்றார், பிறகு ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். விடுப்பு முடிந்து வந்த வெட்டுநரை, விழா முடிந்துவிட்டதால் வெட்ட ஆணை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நோயாளிகளை இன்றைக்கும் ஸ்ட்ரெச்சரைத் தாழ்த்தித்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

இதில் எதுவும் பீட்ரூட்டக்காவைத் தொடவில்லை. அவள் முன்னாலும் துருவினாள், பின்னாலும் துருவினாள். அவளைத் தொட்டது ஸ்டூல்தான்.

அவளுக்கு எதிரே, அதே துத்தநாக மேசையில், பதினான்கு வருடமும் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் மெல்லிசு. அவள் அரிந்த வெங்காயத்தை எழுத்து மேல் வைத்தால் எழுத்து தெரியும். அதனால் வந்த பெயர். ஆள் என்னவோ கதவை முழுதாகத் திறந்தால்தான் உள்ளே வர முடிகிற உடம்பு. இரண்டு முட்டியிலும் வலி. இருவரும் எதிரெதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மெல்லிசின் மாமியார் முதல் மூன்றாம் மாடி நர்ஸின் கல்யாணம் வரை அலசிக்கொண்டே வேலையை முடிப்பார்கள். புது விதியில், துருவுதல் உட்கார்ந்து செய்யும் வினை என்றும் அரிதல் நின்று செய்யும் வினை என்றும் வகைப்படுத்தினார்கள். மெல்லிசின் ஸ்டூலைத் தூக்கினார்கள். அதை எங்கேயாவது கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். சமையற்கூடத்து ஸ்டூல் சமையற்கூடத்துக் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்று பீட்ரூட்டக்காவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டு, நகராதபடி தரையோடு போல்ட் அடித்துவிட்டார்கள்.

"வந்து உட்காரு மெல்லிசு, யாரு பார்க்கப் போறாங்க" என்று அக்கா முதல் நாளே கூப்பிட்டாள்.

"வேண்டாங்கா. ரெண்டு ஸ்டூல் உங்களுக்குன்னு போட்டிருக்காங்க. ரெண்டுலயும் நீங்களே உட்காருங்க."

"நானா கேட்டு வாங்கினேன்?"

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அன்றோடு பேச்சு நின்றது. மெல்லிசு நின்றுகொண்டே அரிந்தாள். வலித்தபோது ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். மேசையில் அவள் அரியும் சத்தமும் இவள் துருவும் சத்தமும் மட்டும் கேட்டன. பத்தடி தள்ளியிருந்த கொத்துநரே, "என்னமோ துக்க வீட்ல வேலை செய்யற மாதிரி இருக்கு" என்றார்.

மூன்றாவது மாதம், கூட்ட அறையிலிருந்த தலைவர் நாற்காலி காணாமல் போயிற்று. உயர்ந்த முதுகும் தோல் உறையும் ஐந்து சக்கரமும் உள்ள நாற்காலி. அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து தலைமை தாங்கினால்தான் நிர்வாகக் குழுவின் கூட்டம் செல்லும் என்று எங்கோ எழுதி வைத்திருந்தார்கள். நாற்காலி இல்லை, ஆகவே கூட்டம் இல்லை. கூட்டம் இல்லை, ஆகவே முடிவுகள் இல்லை. அப்படியே கழிந்த இரண்டு வாரமும் மருத்துவமனை பிசகில்லாமல் ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. குழுவின் தலைவர் வீட்டிலிருந்தே கடிதம் எழுதினார். நாற்காலி போன விதத்தைத் துருவித் துருவி விசாரித்து அறிக்கை தர வேண்டும்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். துருவு என்ற வினைக்கு எதிரே ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுடைய கணவர் தையல்காரர். கூடத்தில் துணியை விரித்து, வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, காலர் வெட்டிக்கொண்டிருந்தார். குண்டூசியை எடுக்காமலே கடிதத்தைப் படித்தார்.

"ஏங்க, என்னைப் போய் விசாரிக்கச் சொல்றாங்க. எனக்கு என்னங்க தெரியும்?"

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார். "இருபது வருஷமா எங்க போனீங்க, ஏன் லேட்டு, யாரு கூடப் பேசினீங்கன்னு என்னைத் துருவுறியே. அதெல்லாம் எந்த ஆர்டரைப் பார்த்துச் செஞ்ச?"

"உங்களைத் துருவினா ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சுதாங்க கேக்குறேன். இது அப்படியா? யார் மேலயாவது பழி விழும்."

"உங்க சமையல்கட்டு ஆளுங்களும் லிஸ்ட்ல இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க."

"மெல்லிசும்?"

அவள் சோப்பை எடுத்துக் கையைத் தேய்க்கப் போனாள். எத்தனை தேய்த்தாலும் அந்தச் சிவப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் போகாது என்று தெரிந்தே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்காக இரண்டாம் மாடியில் பழைய துணி அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சுவர் முழுக்கக் காலி அலமாரி, பாச்சை உருண்டை வாசனை, பச்சைத் துணி விரித்த மேசை, அழுத்தினால் ஒலிக்காத ஒரு மணி. மூலையில் சுருக்கெழுத்தர். சாட்சி சொல்வதைச் சுருக்கி எழுதுவது அவருடைய வினை. சுருக்குவதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை என்பதில் அவர் கறாராக இருந்தார். சாப்பாடு கூடச் சுருக்கமாகத்தான்.

முதல் நாள் லிஃப்ட் இயக்குபவர் வந்து உட்கார்ந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். கேட்க வேண்டிய கேள்வி அவள் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று. கைகளை மேசை மேல் வைத்தாள், மடியில் வைத்தாள், முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பதினான்கு வருடத்தில் பகல் பதினொரு மணிக்கு அந்தக் கைகள் சும்மா இருந்ததே இல்லை. கால் மணி நேரம் கழித்து, "சரி, போயிட்டு வாங்க" என்றாள். சுருக்கெழுத்தர், "இல்லை" என்று எழுதினார்.

மறுநாள் அவள் ஒரு தொட்டி கேரட்டும் தன் துருவியும் கொண்டுவந்தாள். பச்சைத் துணியை மடித்து வைத்துவிட்டு, தாம்பாளத்தைப் போட்டு, வேலையைத் தொடங்கினாள். லிஃப்ட்காரர் மறுபடி வந்து உட்கார்ந்தார். கரகரவென்று கேரட் தேயும் சத்தம் அந்த அறையில் ஏறி இறங்கியது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கேரட் பாதி கரைந்திருக்கும்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"ம்."

"மூணாவது மாடியில நான் லிஃப்டை வேணும்னே நிறுத்தறதில்ல. ரிப்பேர்னு சொல்லிடுவேன். அங்க என் பழைய மச்சான் வார்டு பாய். அவன் முகத்துல முழிக்கக் கூடாதுன்னு ஏழு வருஷமா அந்த மாடிக்காரங்களை நடக்க வெச்சிட்டேன்."

"ம்" என்றாள் அக்கா. அடுத்த கேரட்டை எடுத்தாள்.

அவர் போகும்போது பாரம் இறக்கியவர் மாதிரி போனார். சுருக்கெழுத்தர் யோசித்து, "மச்சான்" என்று எழுதினார்.

பிறகு வந்தவர்களும் அப்படித்தான். நாற்காலியைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தத் துருவும் சத்தத்துக்கு எதிரே ஐந்து நிமிடத்துக்கு மேல் எவராலும் உட்கார முடியவில்லை. காவலாளி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டதாகவும் இப்போது வீட்டில் படுத்தால்கூடக் கண் மூட மறுக்கிறது என்றும் சொன்னார். மூத்த டாக்டர் ஒருவர் தன் கையெழுத்து மோசம் இல்லை, மருந்துப் பெயர்களின் எழுத்து மறந்துபோவதால்தான் கிறுக்குவதாகச் சொன்னார். அதைக் கேட்டு, வெளியே காத்திருந்த மருந்தாளுநர் உள்ளே வந்து, அதைப் படிக்கத் தெரியாமல்தான் தான் ஒவ்வொரு முறையும் மாடியேறி நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து டாக்டர் ஃபோனில் சொன்னார், மருந்தாளுநர் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் சாட்சிகள் வரிசை மாடிப்படி தாண்டிப் போயிற்று. அழைப்பு இல்லாதவர்களும் வந்தார்கள். கால் முறிந்து படுத்திருந்த நோயாளி ஒருவர், தன்னையும் துருவச் சொல்லிச் சக்கர நாற்காலியில் வந்தார். நோயாளிகளுக்குக் காலையில் கேரட், மதியம் கேரட், ராத்திரி கேரட். மாஸ்டர் கீழேயிருந்து, "விசாரணையைக் கொஞ்சம் முள்ளங்கியில நடத்தச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பினார்.

அக்காவுக்கு ராஜமரியாதைதான். ஆனால் நாளாக நாளாக அவள் முகம் வாடியது. ஊரில் உள்ள எல்லோருடைய மனசும் இவள் தாம்பாளத்தில் வந்து விழுகிறது. எதிரே நின்ற ஒருத்தியின் மனசு மட்டும் விழவில்லை. பட்டியலில் மெல்லிசின் பெயரை மூன்று முறை கடைசிக்குத் தள்ளினாள். வெள்ளிக்கிழமை, தள்ள இடம் இல்லாமல் போயிற்று.

மெல்லிசு வந்தாள். சாட்சிகளின் நாற்காலியில் உட்காரவில்லை. "நின்னே சொல்றேன். என் வினை நிக்கிறது" என்றாள்.

அக்கா துருவத் தொடங்கினாள். மெல்லிசு அசையவில்லை, பதினான்கு வருடம் இந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த காது அவளுடையது. லிஃப்ட்காரரையும் டாக்டரையும் கரைத்த சத்தம் அவளிடம் ஒன்றும் பலிக்கவில்லை. கேரட் முழுதும் தேய்ந்து, அக்காவின் நகம் இரும்பில் பட்டது.

"பார்த்து" என்றாள் மெல்லிசு, தன்னை அறியாமல்.

அக்கா துருவியைக் கீழே வைத்தாள். இந்த அறையில் இதுவரை அவள் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இப்போதுதான் முதல் கேள்வி வந்தது.

"முட்டி எப்படி இருக்கு?"

மெல்லிசு ஜன்னலைப் பார்த்தாள். உதட்டை மடித்துக் கடித்தாள். அப்புறம் சாட்சி நாற்காலியைத் தேடிப் பிடித்து, பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா இதை நீங்க கேட்டிருக்கலாம்."

"நீ பேச மாட்டேன்னு இருந்த."

"பேச மாட்டேன்னுதான் இருந்தேன். கேக்கக் கூடாதுன்னா சொன்னேன்?"

மெல்லிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "கூட்ட அறையில டீக் கோப்பை எடுக்கப் போனேங்கா. யாரும் இல்ல. அந்த நாற்காலியில ஒரு நிமிஷம் உட்காரலாம்னு உட்கார்ந்தேன். அது என்னை அப்படியே வாங்கிக்கிச்சு. இந்த உடம்பை எந்த நாற்காலியும் அப்படி வாங்கினதில்ல. எழுந்திருக்கவே மனசு வரல. சக்கரம் வேற இருந்துச்சா, உட்கார்ந்த வாக்கில காலால உந்தி உந்தி வராந்தாவுக்கு வந்துட்டேன். அங்கேர்ந்து சாமான் லிஃப்ட். ஒருத்தர்கூட என்னன்னு கேக்கல. குளிர் அறையில, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். மணிக்கு ஒரு தடவை போய் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு வருவேன்."

"அந்தக் குளிர்லயா?"

"குளிர்தான். வலிக்கு அது கொஞ்சம் ஆகாது."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் இருவர் கண்ணும் மூலைக்குப் போயிற்று. சுருக்கெழுத்தர் அங்கே உட்கார்ந்திருப்பதை இருவரும் மறந்தே போயிருந்தார்கள். அவர் பென்சிலைக் கையில் பிடித்து, கூரையைப் பார்த்து, மெல்லிசு சொன்னதை எல்லாம் மனசுக்குள் சுருக்கிக்கொண்டிருந்தார். சுருக்கி முடித்து எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தாள். "முட்டி வலி" என்று இருந்தது.

"போதுங்களா?" என்று கேட்டாள்.

"இதுக்கு மேல சுருக்க முடியாது" என்றார் அவர், சற்றுப் பெருமையாக.

திங்கள்கிழமை அக்கா அறிக்கையோடு அதிகாரி அறைக்குப் போனாள். அறிக்கை மொத்தம் ஒரு பக்கம். நாற்பத்தோரு சாட்சிகள், நாற்பத்தோரு சொற்கள் அல்லது சொற்றொடர்கள். கீழே, துருவிய அளவு அறுபத்திரண்டு கிலோ. அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் சரி. நாற்காலியை யார் எடுத்தாங்கன்னு இதுல இல்லையே?"

இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று சனி ஞாயிறு முழுக்கத் தூங்காமல் யோசித்திருந்தாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. உண்மையைச் சொல்லவும் மனசு இல்லை. கடைசியில் அவர் எழுதிய விதியே அவளுக்குக் கைகொடுத்தது.

"என் வினை துருவுறதுங்க. துருவியாச்சு. கண்டுபிடிக்கிறது வேற வினை. அதை நான் செஞ்சா விதிமீறலாயிடும்."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். வெட்டுநர் முதல் ஆய்நர் வரை, சுருக்கெழுத்தர், ஓட்டுநர், காப்பாளர் எல்லாம் இருந்தார்கள். கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை. "புதுப் பதவி உண்டாக்கணும்" என்று முணுமுணுத்தார். "அதுக்குக் கூட்டம் கூட்டணும். கூட்டத்துக்கு நாற்காலி வேணும்." சொல்லிவிட்டுச் சற்று நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள்: அவருடைய இடது கையில் மூன்று விரலில் பிளாஸ்திரி.

"கையில என்னங்க?"

அவர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கேரட்டும் இல்லை, துருவியும் இல்லை. இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாற்றலாகி வந்ததுலேர்ந்து தனியாத்தான் இருக்கேன். குடும்பம் வரல. தினமும் ரொட்டி. மாஸ்டர் அவ்வளவு அழகாச் சொன்னாரே, நாமும் ஒரு வெங்காயம் போட்டுச் செஞ்சு சாப்பிடுவோம்னு வாங்கினேன். கத்தியை எடுத்தா, இது வெட்டா, நறுக்கா, அரியறதா? எனக்குப் பிடிபடல. மூணையும் செஞ்சு பார்த்தேன். மூணு விரல்."

"வெங்காயம்?"

"அப்படியே இருக்கு."

பீட்ரூட்டக்காவுக்கு இத்தனை நாள் அவர்மேல் இருந்த கோபம் எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. "சார், அந்த வார்த்தையெல்லாம் முந்நூறு பேருக்குச் சமைக்கிற இடத்துக்குத்தாங்க" என்றாள். "ஒரு ஆள் சாப்பிடறதுக்கு எப்படிப் பண்ணினாலும் வேகும். கோபத்துல கையால குத்தி உடைச்சுப் போட்டாலும் ருசியாத்தான் இருக்கும்."

"கையாலயா? அதுக்கு என்ன வினை?"

"பசி" என்றாள் அவள்.

அதிகாரி அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்து, பிறகு மூடி வைத்தார்.

அதற்குப் பிறகு எதையும் யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யவும் கூட்டம் வேண்டும். பதிவேடு அப்படியே அலமாரியில் இருந்தது. அதிகாரி அதை எடுப்பது மட்டும் குறைந்தது. வெங்காயத்தை அரிகிறவளே இரண்டாக்கிக்கொண்டாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை மெல்லிசு குளிர் அறைக் கதவைத் திறந்து, தலைவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, துத்தநாக மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கொத்துநர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திப் பார்த்தார். மாஸ்டர் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பத்தரை மணிக்கு அதிகாரி உள்ளே வந்தார். நாற்காலி முன்னால் நின்றார். உயர்ந்த முதுகைப் பார்த்தார், தோல் உறையைப் பார்த்தார், ஐந்து சக்கரத்தையும் குனிந்து எண்ணினார்.

"இது என்ன?"

அக்காதான் சொன்னாள். "அரியறவங்க நாற்காலிங்க."

அதிகாரி சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "இது பொருள் பட்டியல்ல இல்லையே" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எழுதினார்: அரிநாற்காலி, சக்கரத்துடன், ஒன்று. எழுதி முடித்து, பிளாஸ்திரி போட்ட விரலால் தோல் உறையை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, மாஸ்டரிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அக்கா" என்றாள் மெல்லிசு, அவர் தலை மறைந்ததும். "இந்த மூணு மாசத்துல என் மாமியார் என்னென்ன பண்ணினாங்க தெரியுமா?"

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் பீட்ரூட்டக்கா. "எதையும் சுருக்காதே."

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை மெல்லிசு சொன்னாள். அன்றைய வெங்காயம் கொஞ்சம் தடியாகத்தான் இருந்தது.